மரியா, வா வா: ஈக்வடாரில் பறவைகளைத் தேடி

சனி இரவு, கீட்டோ

சென்னையில் ஏறி, ஆம்ஸ்டர்டாமில் மாறி, கீட்டோவில் இறங்கியபோது இன்றைக்கு என்ன கிழமை என்பதே குழம்பிவிட்டது. தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். இந்த ஊர் 2,850 மீட்டரில் இருக்கிறது. அதாவது நீலகிரியின் தலைக்கு மேலே ஒரு நாட்டின் தலைநகரம். ஹோட்டல் மாடிப்படி ஏறியதற்கே மூச்சு வாங்குகிறது. கூட வந்திருக்கும் பொள்ளாச்சி அண்ணன், வால்பாறை மலைகளில் நாள் முழுக்க நடக்கிற ஆள். அவரே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார்.

எத்தனையோ நாடு இருக்க ஏன் ஈக்வடார் என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல் இரண்டு மடங்கு வரும், அவ்வளவுதான். ஆனால் 1,600க்கும் மேற்பட்ட பறவை இனங்கள். இந்தியா முழுவதும் சேர்த்தாலே சுமார் 1,350தான். காரணம் ஆண்டீஸ். மலைத்தொடர் நாட்டின் நடுவே வடக்கு தெற்காக ஓடுகிறது. மேற்குச் சரிவில் பசிபிக் மேகம் மோதி நனைந்த காடு, உச்சியில் பனியும் புல்லும், கிழக்கே இறங்கினால் அமேசான். ஒவ்வொரு ஐந்நூறு மீட்டருக்கும் பறவைகளின் பட்டியலே மாறிவிடும். ஒரு வேனில் உட்கார்ந்தபடியே இத்தனையையும் கடக்கலாம்.

வழிகாட்டி இரவு உணவுக்கு வந்தார். மிண்டோ பக்கத்து ஆள், நாற்பது வயது இருக்கும். குழுவில் நாங்கள் இருவர், ஒரு டச்சுத் தம்பதி, இங்கிலாந்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு நர்ஸ் அம்மா. வழிகாட்டி முதலில் கேட்ட கேள்வி: “பார்க்க வந்திருக்கிறீர்களா, எண்ண வந்திருக்கிறீர்களா?” டச்சுக்காரர் சட்டென்று “எண்ண” என்றார். பொள்ளாச்சி அண்ணன் என்னிடம், “ரெண்டுக்குந்தாங்கன்னு சொல்லு தம்பி” என்றார்.

வெள்ளைச் சட்டை வேண்டாம், காலை நாலு மணிக்கு எழ வேண்டும், சாப்பாட்டு மேசையில் தினமும் பட்டியல் சரிபார்ப்பு. விதிகள் அவ்வளவே.

ஞாயிறு, நோனோ–மிண்டோ பழைய சாலை

நகரத்தைத் தாண்டி மேற்கே இறங்கத் தொடங்கியதும் ஒரு மணி நேரத்தில் எல்லாம் பாசி. மரத்தில் பாசி, வேலிக்கம்பியில் பாசி, மின்கம்பி மேலேகூட ஏதோ செடி உட்கார்ந்திருக்கிறது. மேகம் சாலை வரைக்கும் வந்து போகிறது.

முதல் இரண்டு மணி நேரம் எதுவுமே இல்லை. வழிகாட்டி மட்டும் அவ்வப்போது நின்று, தலையைச் சாய்த்து, ஏதாவது பெயர் சொல்லிவிட்டு நடக்கிறார். எங்கள் காதில் விழுந்தது ஓடையின் இரைச்சல் மட்டும். பிறகு சட்டென்று கையைத் தூக்கினார். “வருகிறது.”

பறவைக் கூட்டம் என்றால் நமக்கு ஒரே இனம் சேர்ந்து பறப்பது. இது அப்படியல்ல. பத்துப் பதினைந்து இனங்கள் சேர்ந்து ஒரு மரத்தில் நுழைந்து, அடுத்த மரத்துக்குத் தாவி, இரண்டு நிமிடத்தில் தாண்டிப் போய்விடுகின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இந்தக் கலப்புக் கூட்டம் உண்டு. ஆனால் இங்கே நிறங்கள்! பொன் மஞ்சள், நீலப் பச்சை, முகத்தில் நெருப்பு வைத்த ஒன்று, எல்லாமே டானஜர் குடும்பம். ஒன்று பூச்சியைக் கிளப்பிவிட இன்னொன்று பிடிக்கும். பருந்து வந்தால் யாராவது ஒருவர் கத்துவார்கள். கூட்டுக் குடித்தனத்தின் லாபம் இதுதான்.

வழிகாட்டி கடிகாரத் திசை சொல்லிக்கொண்டே போனார். “இரண்டு மணி, பாசி தொங்கும் கிளை, இடமிருந்து வலம் நகர்கிறது. பதினொரு மணி, தண்டோடு ஒட்டி ஏறுகிறது.” பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைப்பதற்குள் அவர் அடுத்ததற்குப் போய்விட்டார். அவர் கண்ணால் தேடவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. காதால் கேட்டு, எது எங்கே இருக்கும் என்று முடிவு செய்த பிறகுதான் பைனாகுலரைத் தூக்குகிறார்.

அவர் இடுப்பில் ஒரு சின்ன ஸ்பீக்கர் தொங்குகிறது. ஒரு வளைவில் டூக்கன் பார்பெட்டின் குரலை இரண்டு முறை ஒலிக்கவிட்டார். நம் குக்குறுவானுக்குத் தூரத்து உறவு, ஆனால் யாரோ வண்ணப்பெட்டியைக் காலி செய்து பூசியது. பதில் குரல் வந்தது, பறவையும் வந்தது. உடனே ஸ்பீக்கரை அணைத்துவிட்டார். எனக்கு இது உறுத்தல். தன் எல்லைக்குள் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று நினைத்துத்தானே அது பதறி வருகிறது? கேட்டேன். “இரண்டு முறைக்கு மேல் போட மாட்டேன். இதே இடத்தில் இந்த வாரம் வேறு யாரும் போட்டார்களா என்றும் விசாரிப்பேன்” என்றார். பதில் நேர்மையானதுதான். உறுத்தல் முழுதாகப் போகவில்லை.

திங்கள், மிண்டோ அருகே: பாறைச் சேவலும் மரியாவும்

இன்றைய நாளைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

விடியும் முன்பே ஒரு பண்ணைக்குள் டார்ச் வெளிச்சத்தில் இறங்கினோம். ஆன்ஹெல் பாஸ் என்பவருடைய இடம். உலகத்துப் பறவை ஆர்வலர்கள் பலருக்கும் தெரிந்த பெயர். சரிவில் ஓலைக்கூரை போட்ட ஒரு மறைவிடம், அதற்குள் ஒரு பெஞ்ச். இருட்டில் உட்கார்ந்தோம். ஆறு மணி நெருங்கும்போது பள்ளத்தாக்கிலிருந்து பன்றி உறுமுவதும் தவளை கத்துவதும் சேர்ந்த ஒரு சத்தம். பறவை என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள்.

வெளிச்சம் வர வர மரக்கிளைகளில் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன. ஆண்டிய பாறைச் சேவல். ஆங்கிலத்தில் காக் ஆஃப் த ராக். ரத்தச் சிவப்பு உடம்பு, கறுப்பு இறக்கை, முதுகில் வெள்ளிச் சாம்பல். தலையில் வட்டமான கொண்டை முன்னால் சரிந்து அலகையே மூடிவிடுகிறது. எந்தப் பக்கம் முகம் என்று தேட வேண்டியிருக்கிறது. ஆண்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடி, இரண்டிரண்டாக எதிரெதிரே உட்கார்ந்து, குனிந்து, குதித்து, கத்துகின்றன. பெண் பறவை மங்கிய பழுப்பு. எப்போதாவது வந்து ஒரு சுற்றுப் பார்த்து, பிடித்த ஒருவனைத் தேர்ந்தெடுத்துப் போய்விடும். கூடு கட்டுவது, குஞ்சு வளர்ப்பது எல்லாம் அவள் பொறுப்பு. ஆண்கள் மறுநாளும் வந்து ஆட வேண்டும். மலையின் கிழக்குச் சரிவில் இதே பறவை ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். இந்த ரத்தச் சிவப்பு மேற்குப் பக்கத்துக்கு மட்டும்.

ஒரு மணி நேரத்தில் ஆட்டம் கலைந்தது. அதற்கப்புறம்தான் பாஸ் அழைத்தார். கையில் ஒரு டப்பா, உள்ளே நறுக்கிய மண்புழு.

இவர் கதை இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். காட்டு ஓரத்தில் பழப்பயிர் வைத்துப் பிழைத்த விவசாயி. தன் நிலத்தில் பாறைச் சேவல்கள் ஆடுவதைப் பார்க்க ஆட்கள் காசு கொடுப்பார்கள் என்று தெரிந்ததும் பாதை வெட்டத் தொடங்கினார். 2005 வாக்கில் அந்தப் பாதையில் ஒரு பெரிய பறவை மண்புழு பொறுக்குவதைப் பார்த்தார். ஜயன்ட் ஆன்ட்பிட்டா. அப்போது பறவை ஆர்வலர்கள் ஆயுசுக்கும் தேடியும் பார்க்க முடியாமல் போன பறவைகளில் ஒன்று. காட்டுத் தரையில் இருட்டில் நடக்கும், குரல் கேட்கும், உருவம் தெரியாது. நம் ஆறுமணிக் குருவியைத் தேடி அலைந்தவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். பாஸ் புழு தோண்டிப் போட்டார். அது ஓடியது. மறுபடி போட்டார். நாள் கணக்கில் பின்னாலேயே போனார். கடைசியில் அது அவர் குரலுக்கு வரத் தொடங்கியது. மரியா என்று பெயர் வைத்தார்.

இன்றைக்கும் அப்படித்தான். “மரியா… வேங்கா, வேங்கா, வேங்கா” என்று தாழ்ந்த குரலில், பசுவைத் தொழுவத்துக்குக் கூப்பிடுகிற தொனியில் கூப்பிட்டார். ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பாஸ் ஓடைக்கு அந்தப் பக்கம் போய்க் கூப்பிட்டார். பிறகு புதரின் அடியில் எதுவோ அசைந்தது. நீண்ட சாம்பல் கால்கள், வால் இருக்கிறதா என்றே சந்தேகம், வயிற்றில் செம்பழுப்பின் மேல் கறுப்புக் கோடுகள். இரண்டு தாவலில் பாதைக்கு வந்து நின்று, எங்களை ஒரு கண்ணால் பார்த்தது. புழுவை எடுத்து, கீழே போட்டு, மறுபடி எடுத்து விழுங்கியது. நாங்கள் ஐந்து பேரும் மூச்சுவிடாமல் நிற்கிறோம். அது பாட்டுக்கு இன்னொரு துண்டைத் தேடியது.

வேறு ஆன்ட்பிட்டாக்களும் இதே பாடம் படித்திருக்கின்றன. அதில் குட்டியானது, காவி நெஞ்சுக்காரி, கிளையில் நின்று காலை ஊன்றி இடுப்பை மட்டும் இடமும் வலமும் ஆட்டுகிறாள். அவள் பெயர் ஷகிரா. பொள்ளாச்சி அண்ணன் சத்தமாகச் சிரித்துவிட்டார், நர்ஸ் அம்மா முறைத்தார்.

பிறகு வீட்டுத் திண்ணையில் காலை உணவு: பச்சை வாழைக்காயை வேகவைத்து மசித்து, நடுவே சீஸ் வைத்து உருட்டிப் பொரித்த பொலோன், சூடான காப்பி. சாப்பிட்டபடி டச்சு அம்மா ஒரு கேள்வி எழுப்பினார்: தீனி போட்டுப் பழக்கிய பறவையைப் பார்ப்பது பறவை பார்ப்பதில் சேர்த்தியா? அவர் கணவருக்கு அது பட்டியல் சம்பந்தப்பட்ட கேள்வி. எனக்கு வேறு மாதிரி. இந்தச் சரிவைச் சுற்றி மற்ற நிலங்களில் காடு போய் மாட்டுப்புல் வந்திருப்பது வரும் வழியெல்லாம் தெரிந்தது. இங்கே மட்டும் மரம் நிற்கிறது. புழு டப்பாவுக்கும் நிற்கிற மரத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களும் பார்த்துவிட்டு இதே வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். ஸ்பீக்கரைவிட இந்தப் புழு எனக்குச் சம்மதம். ஸ்பீக்கர் பறவையைப் பதறவைத்து வரவழைக்கிறது, ஒன்றும் கொடுப்பதில்லை. இவர் கூப்பிடுகிறார், வந்தால் கூலி கொடுக்கிறார். வராமலிருக்கவும் அதற்கு உரிமை இருக்கிறது. ஓர் ஆன்ட்பிட்டா இன்று வரவே இல்லை.

செவ்வாய், மிண்டோ

மழை. பகல் முழுக்க.

விடுதி வராந்தாவில் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைகள் தொங்குகின்றன. ஒரு பங்கு சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர். மழையோ வெயிலோ, ஹம்மிங்பேர்ட்களுக்கு அந்த ஞாபகமே இல்லை. நம் தேன்சிட்டுக்கும் இவற்றுக்கும் உறவு கிடையாது. இவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு, ஈக்வடாரில் மட்டும் 130 வகை வரும். காதருகே பறந்தால் சின்ன மோட்டார் ஓடுகிற சத்தம். பார்க்க அழகு, குணம் படுமோசம். ஒன்றை ஒன்று துரத்துவதிலேயே குடித்த சர்க்கரையெல்லாம் செலவாகிவிடும் போலிருக்கிறது.

மழை விட்ட நேரத்தில் சாலையோரம் வழிகாட்டி ஒரு மரத்தைக் காட்டினார். கஸ்கரில்யா, அதாவது சிங்கோனா. நான் நீலகிரியில் இருக்கும் நடுவட்டத்தைப் பற்றிச் சொன்னேன். 1860இல் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்ற ஆங்கிலேயர் இதே மேற்குச் சரிவில், சிம்போராசோ மலையடியில், சிவப்புப் பட்டை சிங்கோனாவின் விதையும் நாற்றும் சேகரித்து அனுப்பினார். அவை நீலகிரிக்கு வந்தன, மலேரியா மருந்தான கொய்னாவின் உற்பத்தி அங்கே தொடங்கியது. வழிகாட்டிக்கு ஸ்ப்ரூஸ் தெரிந்திருந்தது, நீலகிரி தெரியவில்லை. “அப்படியென்றால் எங்கள் மரம் உங்கள் ஊரில் இருக்கிறது” என்றார். இன்னும் இருக்கிறது.

புதன், அந்திசானா

இன்று ஒரே மூச்சில் கீட்டோவைத் தாண்டி மறுபக்கம் ஏறி, நாலாயிரம் மீட்டர். தலைவலி எல்லோருக்கும். மெதுவாக நட, நிறையத் தண்ணீர் குடி, பேசாதே என்றார் வழிகாட்டி. கடைசி விதி டச்சுக்காரருக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

மரமே கிடையாது. கண்ணுக்கு எட்டிய வரை பொன்னிறப் புல், இதற்குப் பாரமோ என்று பெயர். அதன் முடிவில் 5,704 மீட்டர் அந்திசானா எரிமலை, வெள்ளையாக. மழையையும் பனியையும் இந்தப் புல்லும் மண்ணும் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. இங்கே உள்ள லா மிக்கா ஏரியிலிருந்துதான் தெற்குக் கீட்டோவுக்குக் குடிநீர் போகிறது. நம் சோலைக்காடும் புல்வெளியும் செய்கிற அதே வேலை.

புல்லில் ஆரஞ்சு முகத்தோடு காரகாராக்கள் நடந்துபோகின்றன. வல்லூறு குடும்பத்தில் சேர்ந்துவிட்டு, கோழி மாதிரி நடந்து புழு பொறுக்குகிற பறவை. ஏரிக்கரையில் ஆண்டிய ஆள்காட்டி. நம் வயல் ஆள்காட்டியின் பேரினமேதான், கத்துவதிலும் சண்டைக்கு வருவதிலும் குறைவில்லை. சுக்கிராகுவா என்ற முள்செடியின் ஆரஞ்சுப் பூவில் ஹில்ஸ்டார் என்ற ஹம்மிங்பேர்ட், ஊதாத் தலை, வெள்ளை வயிறு. இந்தக் குளிரில் இது எப்படிப் பிழைக்கிறது? இரவில் உடலைக் கிட்டத்தட்ட அணைத்துவிடுகிறது. ஆண்டீஸில் உள்ள வேறொரு ஹம்மிங்பேர்டின் உடல்வெப்பம் இரவில் 3.3 டிகிரி வரை இறங்கியது 2020இல் பதிவாகியிருக்கிறது. காலையில் மறுபடி நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும்.

மதியம் காண்டோர். செங்குத்தான பாறைக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை இருக்கிறது. உருளைக்கிழங்கு சூப் குடித்துக்கொண்டிருந்தபோது வழிகாட்டி எழுந்தார், நாங்கள் எல்லோரும் எழுந்தோம். பாறைக்கு மேலே இரண்டு. இறக்கை விரித்தால் மூன்று மீட்டர். ஒருமுறைகூட அடிக்கவில்லை. எங்கள் கண்மட்டத்துக்கு இறங்கி, கழுத்தின் வெள்ளைப் பட்டையும் சிறகு நுனிகள் விரல் விரலாகப் பிரிந்திருப்பதும் தெரிய, பள்ளத்தாக்கின் வளைவில் திரும்பிப் போயின. சூப் ஆறிவிட்டது.

நாட்டின் அரசுச் சின்னத்தில் இருக்கிற பறவை இது. 2018 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் சுமார் 150தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே முட்டை. மாடுகளைக் கடிக்கும் நாய்களுக்கு வைத்த விஷம் பிணத்தின் வழியாக இவற்றையும் கொல்கிறது. மாயாறு பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகளுக்கு, மாடுகளுக்குப் போட்ட வலி மருந்தான டைக்ளோஃபெனாக் செய்ததைச் சொன்னோம். மருந்து வேறு, விஷம் வேறு, ஆனால் கதை ஒன்றே. வழிகாட்டிக்கு அதைப் பற்றி எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

வியாழன், பப்பயக்தா

ஆண்டெனா கோபுரங்கள் நிற்கும் மேட்டுக்கு, 4,300 மீட்டருக்கு. ஆலங்கட்டி விழுந்தது. சீட்ஸ்நைப் என்ற பறவைக்காக ஒன்றரை மணி நேரம் பாறைகளுக்கு நடுவே நடந்தோம். பார்த்தால் கௌதாரி, வகைப்பாட்டில் கடற்கரை உள்ளான்களுக்குச் சொந்தம். நர்ஸ் அம்மா காலடியிலிருந்து பத்தடியில் ஒன்று எழுந்தது. கல்லின் நிறமே அதன் நிறம். எழும் வரை கல்தான்.

கீழே 2,700 மீட்டரில் குவாங்கோ விடுதி. எனக்கு இந்தப் பயணத்தில் கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று இங்கேதான்: வாள் அலகு ஹம்மிங்பேர்ட். உடம்பைவிட நீளமான அலகு. நீண்ட குழாய்ப் பூக்களைக் கொண்ட ஒரு மலை பேஷன் ஃப்ரூட் கொடியின் தேனை இதனால்தான் எட்ட முடியும். உட்காரும்போது அலகை வானத்தைப் பார்த்துத் தூக்கி வைத்துக்கொள்கிறது, இல்லாவிட்டால் பாரம் முன்னால் இழுத்துவிடும். இறகைக் கோத முடியாதென்பதால் காலால் சொறிகிறது. பத்து நிமிடம் எதிரே உட்கார்ந்திருந்தது. அது சொறிந்து முடிக்கும் வரை நான் காப்பியைத் தொடவில்லை.

மாலையில் வெந்நீர் ஊற்று. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சுகம்.

வெள்ளி, கொசாங்கா

இரண்டாயிரம் மீட்டர். தலைவலி விட்டது. இரவெல்லாம் விடுதிப் பாதையில் விளக்கு எரிகிறது, வெள்ளைத் துணியில் விட்டில் பூச்சிகள் நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொள்கின்றன. விடியும் போது பறவைகள் பந்திக்கு வந்துவிடுகின்றன. பச்சை உடம்பும் மஞ்சள் வயிறும் கொண்ட ஜேக்கள் கூச்சலோடு முதல் வரிசை. அப்புறம் மரமேறிகள். தீக்காக்கையின் உறவான ட்ரோகன் ஒன்று, தலைக்கு மேலே எட்டிவிடும் உயரத்தில் உட்கார்ந்து, சாவகாசமாகப் பூச்சி பொறுக்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தீக்காக்கையின் முதுகையாவது பார்க்க நாள் முழுக்க அலைந்திருக்கிறேன்.

இரவு அதே விளக்கடியில் ஓர் ஆந்தை. சான் இசிட்ரோ ஆந்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள். தெரிந்த இரண்டு இனங்களுக்கு நடுவே நிற்கிறது. தனி இனமா இல்லையா என்று இன்னும் முடிவாகவில்லை. டச்சுக்காரர் அதை எந்தப் பெயரில் எழுதுவது என்று தூக்கமில்லாமல் இருக்கிறார்.

சனி, கோக்கா வழியாக நாப்போ ஆறு

மலை முடிந்தது. லொரேத்தோ சாலையில் இறங்க இறங்க சட்டை உடம்பில் ஒட்டியது. வழியெல்லாம் சாலையோடு கூடவே வந்தவை எண்ணெய்க் குழாய்கள். கோக்கா ஊர் எண்ணெயால் வளர்ந்தது. ஆற்றில் டேங்கர் லாரிகளை ஏற்றிய தோணிகள், தூரத்தில் எரியும் வாயு நெருப்பு. ஊரின் முழுப்பெயர் பிரான்சிஸ்கோ தே ஒரெயானா. 1541இல் இந்த நாப்போ வழியாகக் கிளம்பி அமேசான் முழுவதையும் கடந்து கடலை அடைந்த ஸ்பானியரின் பெயர்.

மோட்டார் படகில் ஆற்றோடு கீழே. மணல்திட்டுகளைத் தவிர்க்கப் படகோட்டி ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் வளைந்து வளைந்து ஓட்டினார். பிறகு அன்யாங்கு என்ற ஓடை முகத்தில் மோட்டாரை விட்டுவிட்டுத் துடுப்புப் படகு. இந்த ஓடையில் எஞ்சினுக்கு அனுமதி இல்லை. யசுனி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிற இந்த நிலம் அன்யாங்கு கிச்வா சமூகத்துடையது, விடுதியும் அவர்களுடையதே. வேட்டையை விட்டுவிட்டுச் சுற்றுலாவுக்கு மாறியவர்கள். 2023 ஆகஸ்டில் யசுனியின் ஒரு பகுதியில் எண்ணெய் எடுக்க வேண்டாம் என்று நாடு முழுவதும் வாக்களித்து முடிவு செய்தார்கள். நூற்றுக்கு 59 பேர் வேண்டாம் என்றார்கள். துடுப்புப் போட்ட பெரியவரிடம் வழிகாட்டி அதைப் பற்றிக் கேட்டார். அவர் “எழுதியது எழுதியதுதான், நிறுத்துவதைப் பார்ப்போம்” என்று மட்டும் சொன்னார்.

ஓடை ஓரப் புதரில் ஹோவாட்சின். நீல முகம், சிவப்புக் கண், கலைந்த கொண்டை. இலை மட்டும் தின்று, மாட்டைப் போல வயிற்றுக்கு முன்பே புளிக்கவைத்துச் செரிக்கிற பறவை. காற்று நம் பக்கம் அடித்தால் சாண வாசம். குஞ்சின் இறக்கையில் நகம் இருக்கும். ஆபத்து வந்தால் தண்ணீரில் குதித்து, நகத்தால் பற்றி ஏறிவிடும். பறக்கத் திணறி, கிளை மாறி விழுந்து, எங்களைப் பார்த்துச் சீறியது.

ஞாயிறு, மரத்தின் மேலே

ஒரு பெரிய மரத்தைச் சுற்றிப் படிக்கட்டுக் கோபுரம். பத்துப் பன்னிரண்டு மாடி ஏறினால் காட்டின் கூரைக்கு மேலே வந்துவிடுகிறோம். கீழிருந்து கழுத்து வலிக்கப் பார்த்த டானஜர்கள் இப்போது காலுக்குக் கீழே. தூரத்து மொட்டை மரங்களில் மக்காவ், டூக்கன். ஒரு காய்ந்த கிளையின் முறிந்த நுனி கண்ணைத் திறந்து பார்த்தது: பெரிய பொட்டூ, நம் தவளைவாயன் செய்கிற அதே வித்தை.

மரம் எது என்று பார்த்தால் சேய்போ. நம்ம இலவம் பஞ்சு மரம். போடிப் பக்கம் தலையணைக்குப் பஞ்சு எடுக்கிற அதே மரம் தன் சொந்த ஊரில் இந்த உயரம் வளர்கிறது. பொள்ளாச்சி அண்ணன் பட்டையைத் தட்டிப் பார்த்து, “பெரிய வீட்டுப் பிள்ளைங்க இது” என்றார்.

திங்கள், கிளிகள் மண் தின்னும் இடம்

காட்டுக்குள் ஒரு மண் குழி, எதிரே மறைவிடம். கோபால்ட் இறக்கைக் கிளிகள் நூற்றுக்கணக்கில் மேல் கிளைகளில் கூடிவிட்டன. கூச்சலில் பக்கத்து ஆள் பேசுவது கேட்கவில்லை. ஒவ்வொரு கிளையாக இறங்கும். ஏதோ ஒரு நிழல், யாரோ ஒருத்தி அலறல், அத்தனையும் ஒரே வீச்சில் மேலே. மறுபடி முதலிலிருந்து. இப்படியே இரண்டு மணி நேரம். இலவு காத்த கிளியைத்தான் கேள்விப்பட்டிருக்கிறோம், கிளி காத்த ஆளுங்க நாமதான் தம்பி என்றார் அண்ணன்.

ஏன் மண்? உப்புக்காக என்பது ஒரு விளக்கம். கடல் எங்கோ கிழக்கே, மேற்கே மலை மறைக்கிறது. இந்தக் காட்டின் செடிகளில் சோடியம் குறைவு. காய்களின் நஞ்சை மண் உறிஞ்சுகிறது என்பது இன்னொன்று. எப்படியோ, பதினொன்றரைக்கு முதல் கிளி தரையைத் தொட்டது. அடுத்த நொடியில் குழி முழுக்கப் பச்சை, இறக்கை விரியும்போது மட்டும் நீலம். சேற்றை அலகால் கீறி, தண்ணீரில் தலை வைத்துக் குடித்து, ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி. ஏழெட்டு நிமிடம் இருக்கும். இங்கே ஸ்பீக்கர் கிடையாது, புழு கிடையாது, கூப்பிட ஆள் கிடையாது. வழிகாட்டிக்கும் எங்களைப் போலவே காத்திருப்பதுதான் வேலை. இந்தப் பயணத்தில் அவர் பைனாகுலரைத் தொங்கவிட்டு வெறுமனே பார்த்ததை இன்றுதான் பார்த்தேன்.

புதன், கோக்கா விமான நிலையம்

நேற்று ஜிக்ஜாக் கொக்குக்காக ஓடையில் அந்தி வரை இருந்தோம். இரண்டு முறை குரல் கொடுத்தது, முகம் காட்டவில்லை. இரவு மேசையில் சண்டை. குரல் மட்டும் கேட்டது கணக்கில் சேருமா? ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் சேர்க்கலாம், விதி அனுமதிக்கிறது. டச்சுக்காரர் கண்ணால் பார்க்காததை எழுத மாட்டார். வழிகாட்டி சிரித்தார்: “என் பட்டியலில் பாதி அப்படித்தான்.” நான் எழுதிக்கொண்டேன். அண்ணன் பென்சிலில் எழுதியிருக்கிறார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். 2000 முதல் இங்கே அமெரிக்க டாலர்தான். ஐந்தும் பத்துமாக மாற்றிக்கொண்டு போங்கள், சின்ன ஊர்களில் நூறு டாலர் நோட்டை யாரும் வாங்க மாட்டார்கள். காட்டுக்கு ரப்பர் பூட்ஸை விடுதியில் கொடுத்தார்கள், ஆனால் பெரிய கால்காரர்கள் முன்கூட்டியே கேளுங்கள். மேற்குச் சரிவை முதலில் வைத்து, நாலாயிரம் மீட்டரை நடுவில் வைக்கிற திட்டமாகப் பாருங்கள், உடம்பு பழகும். சைவம் கஷ்டமில்லை, அரிசியும் பீன்ஸும் வாழைக்காயும் எங்கும் உண்டு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம்: ஈக்வடார் போய்விட்டு அந்தச் சான்று இல்லாமல் இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தலுக்கு அனுப்புவார்கள். கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்பு போட வேண்டும். நாங்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டோம். அந்த மஞ்சள் அட்டையைப் பெட்டியில் போடாதீர்கள், பாஸ்போர்ட்டோடு வையுங்கள்.